யாருக்கு எந்த மெஷின்? எடிட் ஸ்டுடியோவுல அப்கிரேடு காசை அறிகுறி பாத்து பிரிக்கிற வழி

பெங்களூர்ல அல்சூர் பக்கம் எங்க வீடியோ எடிட் ஸ்டுடியோ. ஏழு சீட்டு. நாலு எடிட்டர், மோஷன் கிராஃபிக்ஸ் ஒருத்தர், படத்தோட நிறத்தை சரி பண்ற கலரிஸ்ட் ஒருத்தர், அப்புறம் ஷூட்லேந்து வர்ற கார்டையெல்லாம் காப்பி பண்ணி பேர் போட்டு பிரிச்சு வைக்கிற இன்ஜெஸ்ட் தம்பி. வருஷா வருஷம் மார்ச் நெருங்கினா ஒரே பேச்சுதான், இந்த வருஷம் புது மெஷின் யாருக்கு. காசு ரெண்டு மெஷினுக்குத்தான் இருக்கும், கேக்குறது ஏழு பேரும் கேப்பாங்க, ஏழு பேர் சொல்றதும் உண்மையாத்தான் இருக்கும். முன்னாடியெல்லாம் சீனியர் யாரு, சத்தமா கேட்டது யாருன்னு பாத்து குடுத்தோம், குடுத்தும் ஆபீஸ் ஓட்டம் அப்படியேதான் இருந்துச்சு. மூணு வருஷமா வேற மாதிரி பண்றோம், மொதல்ல அறிகுறியைப் பாக்குறது, காரணத்தைக் கண்டுபிடிக்கிறது, அப்புறம்தான் ஆளைப் பாக்குறது.

எதையும் வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் ஒரு நோட்டு வைங்க. சாதா நாப்பது பக்க நோட்டு போதும். அஞ்சு நிமிஷத்துக்கு மேல மெஷின் முன்னாடி சும்மா உக்காந்தா ஒரு வரி எழுதணும்: எத்தனை மணி, என்ன வேலை, எவ்ளோ நேரம், நமக்காக வேற யாராவது காத்துக்கிட்டு இருந்தாங்களா. இந்த கடைசி கேள்விதான் ரொம்ப முக்கியம், அது ஏன்னு கீழ வரும். கூடவே அந்த நேரத்துல டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஒரு ஸ்கிரீன்ஷாட், மேக்குன்னா ஆக்டிவிட்டி மானிட்டர். ‘ஸ்லோவா இருக்கு’ன்னு வாயில சொல்றதுக்கும் ப்ராசஸர் 100 சதவீதத்துல நிக்கிற படம் கையில இருக்கறதுக்கும் நிறைய வித்தியாசம்.

“ப்ளே பண்ணா திக்கித் திக்கி ஓடுது”

எங்க நோட்டுல அதிகமா வந்தது இதுதான், தப்பான பொருளை வாங்க வெக்கிறதும் இதுதான். திக்குதுன்ன உடனே எல்லாரும் கிராஃபிக்ஸ் கார்டுன்னு சொல்லிடுவாங்க. அதுக்கு முன்னாடி ஃபுட்டேஜ் என்ன கோடெக்ல, அதாவது வீடியோவை எப்படி சுருக்கி எழுதியிருக்கு, அதைப் பாருங்க, மீடியாஇன்ஃபோன்னு ஒரு சாஃப்ட்வேர் இலவசமா கிடைக்குது, ஃபைலை உள்ள இழுத்துப் போட்டா எல்லாம் சொல்லும். இப்ப வர்ற மிரர்லெஸ் கேமரா நிறைய எச்.265ங்கற கோடெக்ல, நிறத்தை நுணுக்கமா பதியற 10-பிட், 4:2:2ல எழுதுது. ஃபைல் சைஸ் சின்னது, கார்டுல நிறைய புடிக்கும், ஷூட் பண்றவங்களுக்கு சந்தோஷம், ஆனா அதுல ஒவ்வொரு ஃப்ரேமும் முழுசா இருக்காது, பக்கத்து ஃப்ரேம்லேந்து என்ன மாறுச்சுன்னு மட்டும் எழுதியிருக்கும், அதனால நீங்க டைம்லைன்ல ஒரு இடத்துல கைய வெச்சாக்கூட மெஷின் முன்னாடி போயி பல ஃப்ரேமை விரிச்சுப் பாத்துட்டுத்தான் அந்த ஒரு ஃப்ரேமைக் காட்டும்.

இந்த விரிக்கிற வேலைக்குப் பேர் டீகோடு, அதுக்குன்னே சிப்புல தனியா ஒரு பகுதி இருக்கும். அது 4:2:2ஐ புரிஞ்சுக்குமா இல்லையாங்கறதுதான் கேள்வியே. இன்டெல்ல 11ஆம் தலைமுறைலேந்து க்விக் சிங்க்ங்கற அந்தப் பகுதி எச்.265 10-பிட் 4:2:2ஐ எடுத்துக்கும், ஆனா ப்ராசஸர் பேர் கடைசியில எஃப்னு இருந்தா உள்ள கிராஃபிக்ஸே கிடையாது, அப்ப க்விக் சிங்க்கும் கிடையாது. என்விடியாவுல ஆர்டிஎக்ஸ் 50 சீரிஸ்லேந்துதான் 4:2:2 டீகோடு வந்துச்சு, அதுக்கு முந்தினது எவ்ளோ பெரிய கார்டா இருந்தாலும் கிடையாது. ஆப்பிள்ல எம்1லேந்தே எச்.265 4:2:2 ஓடும். ஒண்ணு கவனிங்க, எச்.264லயும் 10-பிட் 4:2:2 இருக்கு, அதை இன்டெல் 11லேந்து 14 தலைமுறை வரைக்கும் ஹார்டுவேர்ல எடுத்துக்காது. அதனால கேமரால எந்த மோடுல எடுக்கறாங்கன்னு கேக்காம மெஷின் வாங்காதீங்க, சில சமயம் கேமரா மெனுல ஒரு மோடை மாத்தினாலே பாதி பிரச்சனை போயிடும்.

எங்களுக்கு 2022ல நடந்தது சொல்றேன். ஒரு எடிட்டர் மெஷின்ல திக்குதுன்னு பெரிய கார்டு ஒண்ணு வாங்கிப் போட்டோம், போட்டதுக்கு மறுநாளும் அதே இடத்துல அதே மாதிரி திக்குச்சு. கார்டு மேல எந்தக் குறையும் இல்ல, நாங்கதான் ப்ராசஸர் பேர்ல எஃப் இருந்ததையும் ஃபுட்டேஜ் 4:2:2ங்கறதையும் பாக்கல. அந்த காசுக்கு ரெண்டு சீட்டோட போர்டும் ப்ராசஸரும் மாத்தியிருக்கலாம், இன்னிக்கும் அது மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு.

செக் பண்றது ரொம்ப ஈஸி. திக்குற கிளிப் ஒண்ணை எடுத்து மெஷினுக்கு விரிக்க லேசா இருக்கற எடிட் கோடெக்குக்கு, புரோரெஸ்ஸாவோ டிஎன்எக்ஸ்எச்ஆராவோ மாத்தி அதே டைம்லைன்ல போடுங்க. வழவழன்னு ஓடுச்சுன்னா டீகோடுதான் பிரச்சனை. அப்பவும் திக்குச்சுன்னா எஃபெக்ட் பக்கமோ டிஸ்க் பக்கமோ பாக்கணும். டாஸ்க் மேனேஜர்ல ஜிபியூ (கிராஃபிக்ஸ் சிப்) பக்கத்துல ‘வீடியோ டீகோடு’ன்னு ஒரு கிராஃப் இருக்கும், ப்ளே பண்ணும்போது அது தரையோட தரையா கிடந்து ப்ராசஸர் மட்டும் உச்சில நின்னா ஹார்டுவேர் வேலையே செய்யலன்னு அர்த்தம், அப்ப எடிட் பண்ற ப்ரீமியர் சாஃப்ட்வேர் ப்ரிஃபரென்ஸ்ல மீடியா பக்கத்துல ஹார்டுவேர் டீகோடு டிக் ஆகியிருக்கான்னு பாருங்க. விண்டோஸ்ல டாவின்சி ரிசால்வ்ங்கற எடிட்-கலர் சாஃப்ட்வேரோட ஃப்ரீ வெர்ஷன் வெச்சிருந்தா எச்.265க்கு கார்டோட உதவி வராது, ஸ்டுடியோ லைசன்ஸ் 295 டாலர், ஒரு தடவை கட்டினா போதும், ஒரே சமயத்துல ரெண்டு மெஷின்ல ஓடும். புது மெஷினோட ஒப்பிட்டா அது சில்லறைக் காசு.

இதெல்லாம் பாத்தப்புறமும் திக்குச்சுன்னா ப்ராக்ஸி, அதாவது எடிட்டுக்கு மட்டும் போடற சின்ன சைஸ் நகல். 1080 ப்ராக்ஸி 25 ஃப்ரேம்ல புரோரெஸ் ப்ராக்ஸின்னா செகண்டுக்கு 38 மெகாபிட்தான், அஞ்சு வருஷப் பழைய மெஷின்லயும் ஓடும். ப்ராக்ஸி வெச்சு வேலை நடக்கற சீட்டுக்கு புது மெஷின் அவசரமில்ல. இத அந்த சீட்டுல இருக்கறவர் கிட்ட சொல்றதுக்குக் கொஞ்சம் தைரியம் வேணும், ஆனா சொல்லணும்.

“தனியா வேலை பாத்தா ஓடுது, எல்லாரும் வந்தா படுத்துக்குது”

காலைல எட்டு மணிக்கு வந்தவங்களுக்கு நல்லா ஓடும், பதினோரு மணிக்கு எல்லாரும் வந்ததும் எல்லார் மெஷினும் ஒண்ணா திக்கும். இதுல யார் மெஷினும் காரணமில்ல, நெட்வொர்க் சர்வர்தான். கணக்கு போட்டுப் பாருங்க, 4கே புரோரெஸ் 422 எச்க்யூ 25 ஃப்ரேம்ல செகண்டுக்கு 737 மெகாபிட், எட்டு மெகாபிட் சேந்தா ஒரு எம்பி, அதாவது கிட்டத்தட்ட 92 எம்பி. கிகாபிட் லைன்ல கைக்கு வர்றது 110 எம்பி சுமார். ஒரு ஆள் ஒரு லேயர் பாக்கத்தான் சரியா இருக்கும். மூணு கேமரா ஃபுட்டேஜை ஒண்ணா ஓட்டற மல்டிகேம் போட்டா 276 எம்பி, அந்த கம்பியில நுழையவே நுழையாது. இதுல சர்வர்லேந்து ஸ்விட்சுக்கு வர்றதும் ஒரே ஒரு கிகாபிட் கம்பின்னா நாலு எடிட்டரும் அந்த 110ஐத்தான் பங்கு போடறாங்க.

இங்க காசு யார் மேசைக்கும் போகக்கூடாது. சர்வருக்கு 10 கிகாபிட், சீட்டுக்கு 2.5 கிகாபிட் கார்டு, ரெண்டுக்கும் ஒத்து வர்ற ஒரு ஸ்விட்ச். 2.5க்கு ஏற்கனவே போட்ட கேட்5ஈ கம்பியே போதும், சுவரை உடைக்க வேணாம். 10க்கு கேட்6ஏ போட்டா நிம்மதி. அப்புறம் சர்வர்ல இருக்கற ஹார்டு டிஸ்க்குங்க ஒருத்தருக்கு படிச்சுக் குடுக்கறப்ப வேகமாத்தான் இருக்கும், நாலு பேர் நாலு இடத்துலேந்து கேட்டா ஊசி அங்கேயும் இங்கேயும் ஓடியே நேரம் போயிடும், அதனால ஓடிக்கிட்டு இருக்கற ப்ராஜெக்ட்டை மட்டும் எஸ்எஸ்டில வைங்க, முடிஞ்சதை ஹார்டு டிஸ்க்குக்கு நகர்த்துங்க.

ஒரே ஒருத்தருக்கு மட்டும் காப்பி செகண்டுக்கு 11 எம்பில நிக்குதுன்னா கடைக்குப் போகாதீங்க, கம்பியை மாத்துங்க. உள்ள இருக்கற நாலு ஜோடில ஒண்ணு அறுந்தாலே லைன் 100 மெகாபிட்டுக்கு இறங்கிடும். எங்க மோஷன் கிராஃபிக்ஸ் தங்கச்சி எட்டு மாசம் இத சகிச்சுக்கிட்டு இருந்தாங்க, நாற்காலி சக்கரம் ஏறி ஏறி கம்பி நசுங்கியிருக்கு, நூத்தம்பது ரூபா வேலை.

“ஃபுட்டேஜ் இன்னும் வரல”

இது யாரும் புகாரா சொல்லாத அறிகுறி. ஏன்னா யார் மெஷினும் ஸ்லோவா இல்ல, எல்லாரும் டீ குடிச்சுக்கிட்டு இருப்பாங்க. நோட்டுலதான் தெரிய வந்துச்சு, வாரத்துல மூணு நாள் காலைல நாலு எடிட்டர் நோட்டுலயும் ஒரே வரி, ‘காப்பி முடியல, காத்திருப்பு’. எங்க ஆபீஸ்லயே பழைய மெஷின் இன்ஜெஸ்ட் தம்பிகிட்டதான் இருந்துச்சு, காப்பி பண்றதுக்கு எதுக்கு நல்ல மெஷின்னு எல்லாருமே நெனச்சோம், அவனும் சின்னப் பையன், வாயைத் திறந்து கேக்கல.

512 ஜிபி கார்டு ஒண்ணை பழைய யூஎஸ்பி 2 ரீடர்ல 40 எம்பில இறக்கினா மூணரை மணி நேரம். அதே கார்டு 400 எம்பில இறங்கினா 21 நிமிஷம். ஆனா ரீடரை மட்டும் மாத்தினா போதாது, எழுதற பக்கம் சாதா எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கா இருந்தா 130 எம்பில முட்டி நிக்கும், ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். சங்கிலில எந்தக் கண்ணி மெலிசோ அதுதான் வேகம், கார்டு, ரீடர், போர்ட், டிஸ்க், நெட்வொர்க், ஒவ்வொண்ணா பாருங்க. விலை கம்மியான எஸ்எஸ்டில இன்னொரு விஷயம், மொத கொஞ்ச ஜிபி பறக்கும், கேஷ் நிரம்பினதும் ஹார்டு டிஸ்க்கை விட மெதுவாயிடும், அதனால 10 ஜிபி ஃபைல் வெச்சு டெஸ்ட் பண்ணி ஏமாறாதீங்க, 300 ஜிபி தள்ளிப் பாருங்க. காப்பி ஆனதை, அசலும் நகலும் ஒண்ணுதானான்னு காட்டற செக்சம் போட்டு சரிபாக்கறதுக்கு மறுபடி ஒரு தடவை படிக்கணும், அந்த நேரத்தையும் கணக்குல சேத்துக்கோங்க, அவசரத்துல அதை மட்டும் விட்டுடாதீங்க, கல்யாண ஃபுட்டேஜ் போச்சுன்னா திரும்ப எடுக்கவே முடியாது.

அந்த வருஷம் ரெண்டு மெஷின்ல ஒண்ணு இன்ஜெஸ்ட்டுக்குப் போச்சு. 4:2:2 டீகோடு ஆகற ப்ராசஸர், நல்ல ரீடர், 4 டிபி என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி), சர்வருக்கு நேரா 10 கிகாபிட். தம்பி சாயங்காலம் கார்டை இறக்கிட்டு ப்ராக்ஸி போட்டுட்டு வீட்டுக்குப் போயிடுவான், விடியறதுக்குள்ள முடிஞ்சிருக்கும், காலைல நாலு பேரும் வந்த உடனே கட் பண்ண ஆரம்பிச்சிடலாம். புது மெஷின் போனது ஒரு சீட்டுக்கு, வேகம் வந்தது அஞ்சு சீட்டுக்கு.

“ப்ரிவியூ பத்து செகண்டுக்கு மேல ஓட மாட்டேங்குது”

மோஷன் கிராஃபிக்ஸுக்குப் போடற ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் சாஃப்ட்வேர்னா பெரும்பாலும் ரேம்தான். 4கேல 16-பிட்ல ஒரு ஃப்ரேம் சுமார் 66 எம்பி, 25 ஃப்ரேம்னா ஒரு செகண்டுக்கு 1.6 ஜிபிக்கு மேல, 10 செகண்டுக்கு 16 ஜிபி தாண்டிடும். 32 ஜிபி மெஷின்ல விண்டோஸும் க்ரோமும் வாட்ஸ்அப்பும் சாப்பிட்டது போக மிச்சம் 20னா 12 செகண்டு ப்ரிவியூதான் கிடைக்கும். மொதல்ல ப்ரிவியூவை பாதி ரெசல்யூஷன்ல வைங்க, மெமரி கால்வாசியா குறையும். அதுக்கும் மேல வேணும்னா ரேம் போடுங்க, இந்த ஒரு சீட்டுக்கு 64 நியாயம், 128ம் தப்பில்ல. போடும்போது ரெண்டு ஸ்டிக்கா போடுங்க, ஒரே ஸ்டிக்னா மெமரிக்குப் போற பாதை பாதி அகலம்தான் இருக்கும், டிடிஆர்5 போர்டுல நாலு ஸ்டிக் நெருக்கினா ஸ்பீடு இறங்கும். டிஸ்க் கேஷுக்கு தனியா ஒரு என்விஎம்இ இருந்தா நல்லது. இப்ப இருக்கற மேக்ல ரேம் சிப்போட சேந்தே வருது, பின்னால போட முடியாது, அதனால மேக் வாங்கறதா இருந்தா இந்த கணக்கை வாங்கறதுக்கு முன்னாடியே போட்டாகணும்.

“ஜிபியூ மெமரி ஃபுல்”னு ரிசால்வ் சொல்லுது

கலரிஸ்ட் அக்கா சீட்டு. படத்துல புள்ளி புள்ளியா தெரியறதைக் குறைக்கிற நாய்ஸ் ரிடக்ஷன் போட்டு 4கேல ரெண்டு மூணு நோடு (கலர் வேலையோட ஒவ்வொரு படி) சேத்தா 8 ஜிபி கார்டு கைய விரிச்சிடும். கார்டுல இருக்கற மெமரிய ஏத்த முடியாது, கார்டையே மாத்தணும், கிராஃபிக்ஸ் கார்டுக்கு காசு போடறதுக்கு உண்மையான இடம் இதுதான். வாங்கறதுக்கு முன்னாடி பவர் சப்ளை எத்தனை வாட், கேபினட்ல நீளம் புடிக்குமா, அளந்து பாருங்க. கழட்டின கார்டை மோஷன் கிராஃபிக்ஸுக்குக் குடுத்தா அங்க நல்லா உழைக்கும்.

“மத்தியானம் ஆனா எக்ஸ்போர்ட் இழுக்குது”

காலைல 20 நிமிஷத்துல முடியறது மத்தியானம் 35 ஆகுதுன்னா சூடு. மார்ச் ஏப்ரல்ல பெங்களூரும் காயுது, எங்க ரோட்ல எப்பவும் ஏதாவது தோண்டிக்கிட்டேதான் இருக்காங்க, ஆறு மாசத்துல ஹீட்சிங்க் கம்பளி போத்தின மாதிரி ஆயிடும். சூட்டையும் வேகத்தையும் காட்டற எச்டபிள்யூஇன்ஃபோ சாஃப்ட்வேரை ஓடவிட்டு எக்ஸ்போர்ட் போடுங்க, சூடு ஏற ஏற க்ளாக், அதாவது ப்ராசஸர் வேகம், இறங்குதான்னு பாருங்க. ப்ளோயர் அடிச்சு பேஸ்ட் மாத்தினதுல அப்கிரேடு லிஸ்ட்லேந்து ரெண்டு பேர் அவங்களே பேரை எடுத்துட்டாங்க.

திடீர்னு ஆஃப் ஆகறது, நீல ஸ்கிரீன் வர்றது எல்லாம் ரிப்பேர், அப்கிரேடு பட்ஜெட்டோட குழப்பாதீங்க. யூபிஎஸ் பேட்டரி, பவர் சப்ளை, ரேம் டெஸ்ட், இந்த வரிசையில பாத்துட்டு வாங்க. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சுது, இன்டெல் 8ஆம் தலைமுறைக்கு முந்தின மெஷின் 11க்கு அதிகாரபூர்வமா ஏறாது, கிளையன்ட் ஃபுட்டேஜ் இருக்கற சீட்டுல அதை வெச்சிருக்காதீங்க.

ரெண்டு பேருக்கும் நிஜமாவே வேணும், காசு ஒருத்தருக்குத்தான்

நோட்டோட கடைசி கேள்விக்கு இப்ப வர்றேன். ஒவ்வொரு காத்திருப்பையும் ரெண்டு விதமா பாருங்க. ஒண்ணு, இதுக்காக எத்தனை பேர் நின்னாங்க. இன்னொண்ணு, இதை ராத்திரிக்கோ சாப்பாட்டு நேரத்துக்கோ தள்ள முடியுமா. இன்ஜெஸ்ட் ரெண்டு மணி நேரம் தாமதமானா நாலு பேர் நிப்பாங்க, அது எட்டு மணி நேரம். சீனியர் எடிட்டரோட எக்ஸ்போர்ட் 40 நிமிஷம், அவர் ஒருத்தர், அதையும் சாப்பிடப் போறப்ப போட்டுக்கலாம். கலர்ல அக்காவோட காத்திருப்பு அரை மணி நேரம்தான், ஆனா பின்னாடி சோஃபால கிளையன்ட் உக்காந்திருக்காங்க, அதைத் தள்ளவே முடியாது, அதனால அதை நான் ரெண்டு மடங்காத்தான் எடுத்துப்பேன். தள்ள முடிஞ்சதையெல்லாம் அடிச்சுட்டு மிச்சத்தைக் கூட்டுங்க, பேர் தானா மேல வந்துடும்.

பேர் வந்தப்புறம் அதை சொல்றதுதான் கஷ்டம். எங்க சீனியர் எடிட்டர் பதினஞ்சு வருஷமா இந்த ஸ்டுடியோவுல இருக்கறவர், நான் வேலை கத்துக்கிட்டதே அவர்கிட்டதான். “ஏம்ப்பா, நேத்து வந்த பையனுக்கு புதுசு, எனக்கு இதேதானா”ன்னு கேட்டாரு. “இல்லண்ணா, நீங்களே ஒரு தடவை இதைப் பாருங்க”ன்னு நோட்டை அவர் கையில குடுத்தேன். அவர் எழுதின வரியே பதினோரு இடத்துல ‘காப்பி முடியல’ன்னு இருந்துச்சு. கொஞ்ச நேரம் பக்கத்தைத் திருப்பிக்கிட்டே இருந்தாரு, அப்புறம் “சரி, அவனுக்கே போடு, ஆனா என் மானிட்டரை மாத்து, கண்ணு வலிக்குது”ன்னாரு. அந்த மானிட்டர் எங்க லிஸ்ட்லயே இல்ல, அவர் சொன்னப்புறம்தான் ஏழு வருஷப் பழசுன்னு தெரிஞ்சுது. அதையும் அந்த மாசமே மாத்தினோம். தனியா கூப்பிட்டு நோட்டைக் காட்டிப் பேசுங்க, மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் அறிவிக்காதீங்க.

வாங்கறதும் கை மாத்தறதும்

கம்ப்யூட்டர் கடைங்க நிறைய இருக்கற எஸ்பி ரோட்ல வாங்கறதா இருந்தா நாலஞ்சு கடையில விலை கேளுங்க, ஆனா ஜிஎஸ்டி நம்பர் போட்ட பில்லுலயே வாங்குங்க, 18 சதவீதம் இன்புட் க்ரெடிட்டா திரும்ப வரும்போது பில் இல்லாம குறைக்கிற விலைல ஒண்ணும் லாபம் இல்ல. சீரியல் நம்பரை பில்லுல எழுதச் சொல்லுங்க, வாரன்டிக்குப் போறப்ப அதுதான் பேசும்.

புது மெஷின் ஒருத்தருக்கு, அவரோட பழசு அடுத்தவருக்கு, அவரோடது இன்னொருத்தருக்குன்னு படிக்கட்டு மாதிரி இறக்கறது நல்ல பழக்கம்தான், ஆனா ஒவ்வொரு படிக்கும் அரை நாள் போகும், ப்ளக்இன் லைசன்ஸ், ஃபான்ட், எல்யூடி (கலர் செட்டிங் ஃபைல்), ஷார்ட்கட் எல்லாம் மாத்தணும். ஒரு வாரத்துல ஒரு படிக்கு மேல இறங்காதீங்க, டெலிவரி இருக்கற வாரத்துல தொடவே தொடாதீங்க. பழைய மெஷின்ல லைசன்ஸை டீஆக்டிவேட் பண்ணிட்டுத்தான் ஃபார்மேட் போடணும். மாத்தறதுக்கு முன்னாடி அந்த திக்குன கிளிப்பையும் ஒரு ரெண்டு நிமிஷ எக்ஸ்போர்ட்டையும் டெஸ்ட்டுக்குன்னு சர்வர்ல ஒரு ஃபோல்டர்ல போட்டு வைங்க, புது சீட்டுல மொத நாளே அதை ஓட்டி நேரத்தை அதே நோட்டுல எழுதுங்க. எங்க நோட்டு இப்ப மூணாவது, இன்ஜெஸ்ட் தம்பி மேசை ட்ராயர்ல இருக்கு, அவன்தான் எழுதச் சொல்லி எல்லாரையும் துரத்துறான்.